நடிகவேள் எம்.ஆர். இராதா: சிரிப்பும் நெருப்பும்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. விலங்கியல்)

சிரிக்க வைக்கும் கலைஞனைக் கண்டு யாரும் அஞ்சுவதில்லை என்பது பொதுவான எண்ணம். நாளெல்லாம் உழைத்துக் களைத்தவர்கள் சற்று நேரம் சிரித்துவிட்டுப் போகட்டும் என்று நாடும் அரசும் அவனை விட்டுவிடும். ஆனால் நம் தமிழகத்தில் ஒரு நடிகர் மேடையேறிச் சிரிக்க வைத்தபோது கொட்டகைக்கு வெளியே போலீசார் காத்து நின்றனர், கல் பறந்தது, கடைசியில் சட்டமன்றத்தில் ஒரு சட்டமே நிறைவேறியது. அவர்தான் நடிகவேள் எம்.ஆர். இராதா.

எங்கள் ஊர் தாமல். காஞ்சிபுரத்திற்கு மேற்கே, பெங்களூர் நெடுஞ்சாலையை ஒட்டிய ஏரிக்கரை ஊர். எங்கள் வீட்டில் பட்டுத்தறி உண்டு. என் தாத்தா மூன்றாம் வகுப்போடு படிப்பை நிறுத்தித் தறிக்குழியில் இறங்கியவர். விளக்கு வைக்கும் நேரத்தில், களைப்புத் தீர, இராதாவின் குரலில் பேசிக் காட்டுவார். கட்டைக் குரலில் தொடங்கிச் சட்டென்று கீச்சுக் குரலுக்கு ஏறுவார். கோர்வைக்கு உட்கார்ந்திருக்கும் என் அத்தை நாடாவை நிறுத்திவிட்டுச் சிரிப்பார். பள்ளியில் படிக்கும்போது நானும் அந்தக் குரலைப் பழகிக்கொண்டேன். ஆண்டு விழாவில் பேசிக் கைதட்டல் வாங்கினேன். ஒருநாள் பேசக்கூடாத இடத்தில் பேசினேன். அதைப் பின்னர் சொல்கிறேன். சொல்லாமல் இக்கட்டுரையை முடிக்க என் மனம் இடந்தராது.

வீட்டை விட்டு ஓடிய சிறுவன்

மெட்ராஸ் இராஜகோபால் இராதாகிருஷ்ணன் என்பதே எம்.ஆர். இராதா என்று சுருங்கியது. 1907-ஆம் ஆண்டு சென்னையில் பிறந்தார். தந்தை இராணுவத்தில் பணியாற்றி முதல் உலகப் போரில் உயிர் துறந்தார். கூடுதலாக ஒரு துண்டு மீன் கேட்டுத் தாயிடம் அடிபட்ட கோபத்தில் சிறுவன் இராதா வீட்டை விட்டு ஓடினான் என்று சொல்வதுண்டு. எழும்பூர் இரயில் நிலையத்தில் மூட்டை தூக்கியபோது ஒரு நாடகக்காரர் கண்ணில் பட்டு, அவரோடு போய்விட்டான் என்பர்.

அந்நாளில் சிறுவர்களை வைத்து நாடகம் நடத்தும் பாய்ஸ் கம்பெனிகள் ஊருக்கு ஊர் சென்றுகொண்டிருந்தன. பாட்டு, வசனம், நடை, அடி, உதை, கூழ், தூக்கம் எல்லாம் அங்கேதான். பள்ளிக்கூடம் தராத பாடத்தை இராதாவுக்கு இந்தக் கம்பெனிகள் தந்தன. நடிப்போடு மோட்டார், மின்சார வேலைகளையும் கற்றார். மேடையின் மீது மோட்டார் சைக்கிள் ஓட்டிக் காட்டி மக்களைத் திகைக்க வைத்தார்.

1937-இல் ‘இராஜசேகரன்’ என்ற படத்தில் முதன்முதலாகத் திரையில் தோன்றினார். அடுத்து ‘சந்தனத்தேவன்’, ‘பம்பாய் மெயில்’ முதலிய சில படங்களில் நடித்தார். பிறகு சினிமாவை விட்டுவிட்டு நாடகத்திற்கே திரும்பினார். மற்றவர்கள் மேடையிலிருந்து சினிமாவுக்கு ஓடிய காலத்தில் அவர் எதிர்த்திசையில் நடந்தார்.

மேடையில் மூண்ட தீ

தந்தை பெரியாரின் சுயமரியாதைக் கருத்துகள் இராதாவைப் பற்றிக்கொண்டன. மதம், சாதி, சடங்கு, பணத்திமிர், பெண்ணடிமை ஆகியவற்றை அவர் மேடையில் எள்ளி நகையாடினார். ‘இழந்த காதல்’ நாடகத்தில் ஜெகதீஷ் என்ற வேடத்தில் வந்து, சபைக்கு முதுகைக் காட்டிக்கொண்டே ஒரு காட்சி முழுவதையும் நடத்தினார். நடிகன் முகத்தைக் காட்டித்தான் நடிக்க வேண்டும் என்று எண்ணியிருந்தவர்கள் வாயடைத்துப் போயினர். நம் காஞ்சியில் பிறந்த பேரறிஞர் அண்ணா அந்த நடிப்பைப் பெரிதும் போற்றினார். தங்கள் மாநாடுகள் நூறு நடத்துவதும் இராதாவின் நாடகம் ஒன்று நடப்பதும் ஒன்றே என்பது அவர் மதிப்பீடு.

மு. கருணாநிதி எழுதிய ‘தூக்குமேடை’யை நடத்தியதும் இராதாவே. கலைஞர் என்ற பட்டம் அந்த நாடகத்தின் நாட்களில் அவர் வழங்கியதுதான். ‘விமலா அல்லது விதவையின் கண்ணீர்’, ‘இலட்சுமிகாந்தன்’, ‘போர்வாள்’ என நாடகங்கள் தொடர்ந்தன. திருவாரூர் கே. தங்கராசு எழுதிய ‘இரத்தக்கண்ணீர்’ இவை எல்லாவற்றையும் மிஞ்சியது. அது ஆயிரக்கணக்கான முறை மேடையேறியது.

இராதாவின் நாடகம் ஒருநாள் இருந்தது போல மறுநாள் இராது. அன்று காலைச் செய்தித்தாளில் வந்தது அன்று இரவே வசனத்தில் கலந்துவிடும். விலைவாசி, அமைச்சர் பேச்சு, உள்ளூர்ப் பெரிய மனிதரின் பெருமை எதுவும் தப்பாது. முன்வரிசையில் அமர்ந்திருக்கும் சீமான் நெளிவார். தரை டிக்கெட்டில் இருப்பவர் வயிறு குலுங்கச் சிரிப்பார். அரசு ஒரு நாடகத்தைத் தடுத்தால் அதே நாடகம் வேறு பெயரில் அடுத்த ஊரில் நடக்கும்.

சிரிப்புக்கு ஒரு சட்டம்

1954-இல் இராமாயணத்தைத் தம் நோக்கில் நாடகமாக நடத்தினார். மனம் புண்படுவோர் தயவுசெய்து வரவேண்டாம் என்று முன்கூட்டியே அறிவித்துவிட்டுத்தான் நடத்தினார். எதிர்ப்புக் கிளம்பியது. கொட்டகையில் கலவரம் நடந்தது. இராதா கைதும் செய்யப்பட்டார். அவ்வாண்டின் இறுதியில் சென்னை மாகாண நாடக நிகழ்ச்சிகள் சட்டம் வந்தது. இராதாவை மனத்தில் வைத்தே அச்சட்டம் இயற்றப்பட்டது என்பது நாடக வரலாறு எழுதியோர் பலரின் கருத்து.

இச்சட்டத்திற்கு ஒரு மூதாதை உண்டு. வேல்ஸ் இளவரசரைத் தம் வீட்டுக்கு அழைத்து உபசரித்த ஒரு வழக்கறிஞரைக் கல்கத்தாவில் ஒரு நாடகம் கேலி செய்தது. உடனே வெள்ளை அரசு 1876-இல் நாடகச் சட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. வெள்ளையர் போன பிறகும் அந்த அச்சம் போகவில்லை. நாடகப் பிரதியைப் போலீசாரிடம் காட்டி அனுமதி பெறும் வழக்கம் தமிழகத்தில் நெடுங்காலம் நிலைத்தது. 2013-இல்தான் சென்னை உயர் நீதிமன்றம் 1954-ஆம் ஆண்டுச் சட்டத்தின் முக்கியப் பிரிவுகளை அரசியலமைப்புக்கு முரணானவை என்று தள்ளியது. ஒரு நடிகரின் சிரிப்புக்குப் போட்ட பூட்டைத் திறக்க ஐம்பத்தெட்டு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று!

இது நம் நாட்டில் மட்டும் நடந்ததன்று. தென் கொரியாவில் 1979-இல் அதிபர் பார்க் சுங் ஹீ சுட்டுக் கொல்லப்பட்டார். அந்த இரவைக் கேலியாகச் சித்திரித்து 2005-இல் ஒரு படம் வந்தது. அதில் சேர்த்திருந்த செய்திப்படக் காட்சிகளை வெட்டும்படி அந்நாட்டு நீதிமன்றம் ஆணையிட்டது. ஆண்டவனையோ ஆள்பவனையோ பார்த்துச் சிரித்தால் எந்த நாட்டிலும் விலை கொடுக்கத்தான் வேண்டியிருக்கிறது.

திரையில் இரத்தக்கண்ணீர்

அதே 1954-இல் ‘இரத்தக்கண்ணீர்’ திரைப்படமாக வெளிவந்தது. ‘பராசக்தி’யைத் தந்த நேஷனல் பிக்சர்ஸ் பெருமாள் முதலியார் தயாரிக்க, அதே கிருஷ்ணன் - பஞ்சு இயக்கினர். பகலில் படப்பிடிப்பு, இரவில் நாடகம் என்பது ஒத்துவராது. நாடகம் முடிந்த பிறகுதான் படத்திற்கு வருவேன் என்று இராதா நிபந்தனை போட்டதாகச் சொல்வார்கள்.

கதை பலருக்கும் தெரிந்ததே. மோகனசுந்தரம் வெளிநாட்டில் படித்துத் திரும்பும் பணக்காரன். ஊரையும் உறவையும் இழிவாகப் பேசுகிறான். மனைவி சந்திராவை ஒதுக்கிவிட்டுக் காந்தா என்னும் தாசியிடம் மயங்கிக் கிடக்கிறான். பெற்ற தாயை எட்டி உதைக்கிறான். தாய் இறந்தபோதும் வரவில்லை. பிறகு தொழுநோய் பற்றுகிறது, செல்வம் போகிறது, காந்தா விரட்டுகிறாள். கடைசியில் தன் மனைவியின் வீட்டு வாசலிலேயே பிச்சைக்கு நிற்கிறான். சந்திராவைத் தன் நண்பன் பாலுவுக்கு மணம் செய்துவைத்து, நோயுற்ற தன் உருவத்தையே பிறருக்குப் பாடமாகச் சிலை வைக்கச் சொல்லி முடிகிறான். சந்திராவாக ஸ்ரீரஞ்சனியும், காந்தாவாக எம்.என். இராஜமும், பாலுவாக எஸ்.எஸ். இராஜேந்திரனும் நடித்தனர். சி.எஸ். ஜெயராமன் பாட, பாட்டின் இடையிடையே இராதா பேசும் காட்சி தமிழ்த் திரையில் தனி இடம் பெற்றது.

கணவன் உயிரோடிருக்கையில் மனைவிக்கு மறுமணம் என்பது 1954-இல் எவ்வளவு துணிச்சல் என்று எண்ணிப் பாருங்கள். மணவிலக்குக்கு வழிசெய்த இந்து திருமணச் சட்டம் நாடு முழுமைக்கும் வந்ததே 1955-இல்தான்.

புகழ்ந்தோரும் குறை கண்டோரும்

இப்படத்தைப் பற்றிய விமர்சனம் அன்று தொடங்கி இன்றுவரை ஓயவில்லை. இராதாவின் நடிப்புக்கு இணையில்லை என்பதில் எல்லோரும் ஒன்றுபடுகின்றனர். அழகான முகம், இனிய குரல், வீரம் இவை இல்லாமல் ஒருவர் படம் முழுவதையும் தோளில் சுமந்தது அதுவே முதல்முறை எனலாம். மக்களும் அலை அலையாக வந்து பார்த்தனர். அரை நூற்றாண்டு கழித்து, 2003-இல், உபேந்திரா நடிக்கக் கன்னடத்தில் மீண்டும் எடுத்தார்கள்.

கருத்தில்தான் வேறுபாடு. ஒரு சாரார் இது பகுத்தறிவுப் படம் என்றனர். மூடச் சடங்கையும் பணக்காரரின் போலி வாழ்வையும் இவ்வளவு கூர்மையாகக் கேலி செய்த படம் வேறில்லை என்பது அவர்கள் வாதம். மற்றொரு சாரார் இதை மறுத்தனர். சடங்கைக் கேலி செய்பவன் யார்? தாயை உதைக்கும் மோகனசுந்தரம்தானே? அவன்தானே இறுதியில் அழிகிறான்? அப்படியானால் மேனாட்டுப் படிப்பும் கேள்வி கேட்கும் துணிவும் கெட்டவை, பழைய வழியே நல்லது என்றுதானே படம் சொல்கிறது என்று கேட்டனர்.

இரு சாராரின் கூற்றிலும் உண்மை உண்டு. என் தாத்தா சிறுவயதில் டூரிங் கொட்டகையில் மணல் குவித்து உட்கார்ந்து இப்படத்தைப் பார்த்தவர். மோகனசுந்தரம் கெட்டவன் என்று கொட்டகையில் எல்லோருக்கும் தெரியுமாம். ஆனாலும் அவன் பெரிய மனிதர்களைப் பார்த்துப் பேசும்போது எல்லோரும் அவன் பக்கமே சேர்ந்து சிரித்தார்களாம். நல்லவன் வாயிலிருந்து வந்திருந்தால் தணிக்கை வெட்டியிருக்கும், ஊர் அடித்திருக்கும். பாவியின் வாயில் வைத்ததால் அந்தப் பேச்சு தப்பியது. கூலிக்கு நெய்பவனும் குத்தகைக்கு உழுபவனும் நேரில் சொல்ல முடியாததை இராதா அவர்களுக்காகச் சொன்னார். இதுதான் அவர் கலையின் சூட்சுமம் என்று நான் நினைக்கிறேன்.

நான் செய்த பிழை

இங்கேதான் என் கதையைச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்துத் தெருவில் ஒரு பெரியவர் இருந்தார். இளமையில் தொழுநோய் வந்து, மருத்துவம் பெற்று, முழுவதும் குணமடைந்தவர். ஆனால் விரல்கள் மடங்கியது மடங்கியதுதான். அதன்பின் தறியில் உட்கார முடியவில்லை. தெருவோடு நடந்து போவார். யாரோடும் அதிகம் பேசமாட்டார். டீக்கடையில் அவருக்குத் தனி டம்ளர்.

நான் எட்டாம் வகுப்புப் படித்தபோது ஒரு மாலை நண்பர்களோடு திண்ணையில் இருந்தேன். பெரியவர் அவ்வழியே வந்தார். நான் மோகனசுந்தரத்தின் நோயாளிக் குரலில் காந்தாவை அழைத்தேன். எல்லோரும் சிரித்தார்கள். பெரியவர் நின்றார். திரும்பிப் பார்க்கவில்லை. பிறகு மெல்ல நடந்து போய்விட்டார். உள்ளே தறியில் இருந்த தாத்தா எழுந்து வந்தார். அவர் என்னை அடிக்கவில்லை; திட்டவுமில்லை. அன்று முதல் அவர் இராதாவின் குரலில் பேசுவதை விட்டுவிட்டார். அந்தத் தண்டனையின் பொருள் எனக்கு அப்போது விளங்கவில்லை.

கல்லூரியில் சேர்ந்து நுண்ணுயிர்களைப் பற்றிப் படித்தபோது விளங்கியது. தொழுநோய் ஒரு பாக்டீரியாவால் வருவது. மைக்கோபாக்டீரியம் லெப்ரே என்று பெயர். 1873-இல் நார்வே நாட்டு மருத்துவர் ஹான்சன் அதைக் கண்டுபிடித்தார். அது பாவத்தால் வருவதன்று, தாசி வீட்டிலிருந்து வருவதன்று, பரம்பரையாகவும் வருவதன்று. பெரும்பாலோர் உடலில் அதை எதிர்க்கும் ஆற்றல் இயல்பாகவே உண்டு. மருந்து தொடங்கிய சிறிது காலத்திலேயே நோயாளியிடமிருந்து பிறருக்குப் பரவுவது நின்றுவிடும். பல மருந்துகளைச் சேர்த்துத் தரும் சிகிச்சையை உலக சுகாதார நிறுவனம் 1981-இல் பரிந்துரைத்த பிறகு கோடிக்கணக்கானோர் குணமடைந்துள்ளனர். நமக்கு அருகில், செங்கல்பட்டை அடுத்த திருமணியில், 1955 முதல் மத்திய அரசின் தொழுநோய் ஆராய்ச்சி நிலையம் இயங்கி வருகிறது. ‘இரத்தக்கண்ணீர்’ ஊர் ஊராக ஓடிக்கொண்டிருந்த நாட்களில்தான் அங்கே மருத்துவர்கள் இந்நோயை விரட்டப் பாடுபட்டுக்கொண்டிருந்தார்கள்.

பகுத்தறிவைப் பரப்ப வந்த படம் இந்த ஒரு இடத்தில் பகுத்தறிவுக்கு மாறாகப் பேசிவிட்டது. செய்த பாவத்திற்கு நோய் வந்தது என்ற பழைய மூடநம்பிக்கையைத்தான் அதுவும் சொன்னது. மேலே இருப்பவரை நோக்கி எறிந்த சிரிப்பு, கீழே கிடந்தவர் மீதும் விழுந்துவிட்டது. தொழுநோயைக் காரணம் காட்டி மணவிலக்குக் கேட்கலாம் என்ற விதி நம் சட்டத்திலிருந்து நீங்கியதே 2019-இல்தான். மக்கள் மனத்திலிருந்து நீங்க இன்னும் நாளாகும்.

இதற்காக இராதாவைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்த நான் விரும்பவில்லை. அன்று படித்தவர்களுக்கே இந்த அறிவு சரியாக இல்லை. அழகான கதாநாயகர்கள் கோலோச்சிய திரையில், ஊர் ஒதுக்கிய ஒரு நோயாளியை நடுவில் நிறுத்தி, அவனுக்காக மக்களை அழவும் வைத்தவர் அவர். ஆயினும் அவர் நமக்குக் கற்றுத் தந்தது எதையும் கேள்வி கேட்க வேண்டும் என்பதே. அந்தக் கேள்வியை அவர் படத்தின் மீதே கேட்பதுதான் அவருக்குச் செய்யும் மரியாதை.

துப்பாக்கியும் சிறையும்

‘இரத்தக்கண்ணீரு’க்குப் பின் இராதா இல்லாத படம் அரிதாயிற்று. ‘பாகப்பிரிவினை’, ‘பாவமன்னிப்பு’, ‘பலே பாண்டியா’, ‘நானும் ஒரு பெண்’, ‘புதிய பறவை’ என்று வில்லனாகவும் விகடனாகவும் விளங்கினார். பெரியாரிடம் கொண்ட பற்று மட்டும் மாறவில்லை. சென்னைப் பெரியார் திடலில் இராதா மன்றம் என்ற பெயர் இன்றும் அதற்குச் சான்று.

1967 ஜனவரி 12 அன்று அவர் வாழ்வில் கரும்புள்ளி விழுந்தது. எம்.ஜி.ஆரை அவர் வீட்டிலேயே துப்பாக்கியால் சுட்டார்; தம்மையும் சுட்டுக்கொண்டார். இருவரும் உயிர் பிழைத்தனர். அப்போது பொதுத்தேர்தல் நெருங்கியிருந்தது. எம்.ஜி.ஆர். மருத்துவமனையில் இருந்தபடியே பரங்கிமலைத் தொகுதியில் வென்றார். நம் அண்ணா முதலமைச்சரானார். இராதாவின் வழக்கு செங்கல்பட்டு நீதிமன்றத்தில் நடந்தது; ஏழாண்டுத் தண்டனை கிடைத்தது. மேல்முறையீட்டில் அது குறைந்து, 1971-இல் விடுதலையானார்.

துப்பாக்கி எடுத்த கையை எவ்வகையாலும் நியாயப்படுத்த முடியாது. வாய்ச்சொல்லாலேயே பெரியவர்களை ஆட்டிப் படைத்த கலைஞருக்குத் துப்பாக்கி எதற்கு என்ற வருத்தமே மிஞ்சுகிறது. விடுதலைக்குப் பின்னும் சில படங்களில் நடித்தார், நாடகமும் போட்டார். 1979 செப்டம்பர் 17 அன்று திருச்சியில் மறைந்தார். அது பெரியார் பிறந்த நாள்.

நிறைவாக

அன்பிற்குரிய நண்பர்களே! நம்மில் பலர் நம் குடும்பத்திலேயே முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவர்கள். நம் தாத்தாக்களுக்கு இராதாவின் கொட்டகைதான் கல்லூரி. பெரிய மனிதரைக் கண்டு கூனாமல் நிற்கலாம் என்று அங்கேதான் அவர்கள் கற்றார்கள். அந்தப் பாடத்திற்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். அங்கே விடுபட்ட ஒரு பாடத்தைச் சேர்க்கும் கடமையும் நமக்கு உண்டு.

அந்தப் பெரியவர் நான் பிளஸ் டூ படிக்கும்போது இறந்துவிட்டார். அவரிடம் மன்னிப்புக் கேட்கும் அறிவு எனக்கு அப்போது வரவில்லை. அறிவு வந்தபோது அவர் இல்லை. சென்ற பொங்கல் விடுமுறையில், தொழுநோய் எதனால் வருகிறது, எதனால் வராது என்பதை எங்கள் தெருப் பிள்ளைகளுக்குத் திண்ணையில் உட்கார்ந்து சொன்னேன். தாத்தாவும் தறியை நிறுத்திவிட்டுக் கேட்டார். பேசி முடித்த பிறகு, நெடுநாளைக்குப் பின், அவர் இராதாவின் குரலில் ஒரு வார்த்தை பேசினார். ஓட்டுக் கேட்டு வந்து போன ஒரு பெரிய மனிதரைப் பற்றித்தான். தெருவே சிரித்தது.